சுமார் இருபதாயிரம் ஒளியாண்டு

சர்வேயருக்கு உலகத்தில் பிடிக்காத வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: சுமார். ‘சுமார் நூறு அடி இருக்கும் சார்’ என்று யாராவது அவர் முன்னால் சொல்லிவிட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டு டேப்பை எடுத்துவிடுவார். கல்யாணமான புதிதில் மாமனார், “ஹால் சுமார் இருபது அடி மாப்பிள்ளை” என்று பெருமையாகச் சொல்லப்போக, இவர் சாப்பிட்ட கையோடு அளந்து பார்த்து, பத்தொன்பது அடி நாலு அங்குலம்தான் என்று சபையில் அறிவித்தார். மாமனார் அதன்பிறகு சாகும்வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அலுவலகத்தில் அவருக்கு ‘அங்குலம்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஆனால் அவர் காதில் விழும் தூரத்தில் நின்றுதான் சொன்னார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள் அவருடைய ஒரே மகள். மறந்துபோன சாப்பாட்டுப் பையைக் கொடுக்க ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தவள், வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் ‘அங்குலம் உள்ளே இருக்கு’ என்று சொன்னதைக் கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே தன் அப்பாவின் லேப்டாப்பில் அந்த விண்வெளி விளையாட்டை ஏற்றி, அவருக்கு ஒரு கப்பலையும் வாங்கிக் கொடுத்து, கப்பலோட்டியின் பெயர் என்ற கட்டத்தில் ‘அங்குலம்’ என்று அடித்தாள். அவளுடைய பெயர் அதில் ‘குட்டிப்பிசாசு’. அது அவர் திட்டும்போது கூப்பிடும் பெயர். செல்லமாகக் கூப்பிடும்போதும் அதே பெயர்தான்.

முதலில் அவர் அந்த விளையாட்டைக் கிண்டல்தான் செய்தார். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பறப்பதாம், ஒளியாண்டுக் கணக்கில் தூரமாம்! “யாரு போய் டேப் பிடிச்சாங்களாம்?” என்றார்.

மகள் அவருடைய கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டச் சொன்னாள். ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னாள். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மறு கண்ணை மூடச் சொன்னாள். விரல் சுவரில் இடம் மாறித் தெரிந்தது.

“எவ்வளவு நகருதோ அதை வெச்சு தூரத்தைச் சொல்லிடலாம்ப்பா. நிஜ நட்சத்திரத்தையும் இப்படித்தான் அளக்கிறாங்க. பூமி சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கிறப்ப ஒரு தடவை, அந்தப் பக்கம் போனதும் ஒரு தடவை.”

“அடிப்பாவி, இது நம்ம பேஸ்லைன்!” என்று அவர் கத்திவிட்டார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மரத்தை இக்கரையில் இரண்டு இடத்தில் நின்று அளக்கிற அதே வித்தை. நட்சத்திரத்தை அளப்பவனும் தன் ஜாதிதான் என்று தெரிந்ததும் அந்த விளையாட்டின் மேல் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு லேப்டாப்போடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அண்டத்தைச் சுற்றினார்கள். சர்வேயரின் மனைவி ஒரு பேக்கரியில் அதிகாலை ஷிப்ட். மத்தியானம் களைத்து வீட்டுக்கு வந்தால் மேசையில் தட்டு வைக்க இடம் இருக்காது. “ரெண்டு பேரும் எந்தக் கிரகத்துல இருக்கீங்கன்னு சொன்னா அங்கயே சோத்தைக் கொண்டாந்து போடறேன்” என்பாள்.

முதல் பாடத்திலேயே மகள் அவருக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லியிருந்தாள். யாரும் போகாத நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தால், கப்பலை ஓட்டிக்கொண்டு வீட்டு நிலையத்துக்குத் திரும்பி வந்து பதிவு செய்ய வேண்டும். அதுவரை அந்தக் கண்டுபிடிப்பு கப்பலுக்குள் மட்டும்தான் இருக்கும், வரைபடத்தில் ஏறாது. இரண்டாவது, மூலையில் வீடு படம் போட்ட ஒரு சிவப்புப் பட்டன் இருக்கிறது. “எரிபொருள் தீந்து நடுக்காட்டுல மாட்டிக்கிட்டா கடைசி வழி இது. கப்பலை அங்கேயே கைவிட்டுட்டு ஒரே நொடியில வீட்டுக்கு வந்துடலாம். ஆனா கப்பல்ல இருந்த கண்டுபிடிப்பெல்லாம் கப்பலோட போயிடும். அதனால அதை மட்டும் தொடாதீங்க” என்றாள். தொடாதே என்று சொன்னதைத் தொடுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

பிறகு அவளுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. கல்லூரி மூன்றாம் வருடம் பாதியில் நின்றது. வீட்டுக் கட்டிலில் படுத்தபடி அவள் அந்த விளையாட்டில் தனியாக, தூரமாக, மேலும் தூரமாகப் போக ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது லேப்டாப்பும் கூடவே போனது. கையில் ஊசி ஏறிய நாட்களில் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்தச் சாவியை அமுக்கு, அந்தப் பக்கம் திருப்பு என்று சொல்லிச் சொல்லி ஓட்டினாள். அதெல்லாம் சர்வேயருக்குத் தெரியாது. அவரை அப்போது வெளியூரில் ஒரு பெரிய ரோடு வேலைக்குப் போட்டிருந்தார்கள். வார நாட்களில் அவருக்கும் மகளுக்கும் இடையே இருந்தது போன் மட்டும்தான்.

ஒரு மத்தியானம் அவர் வெயிலில் கருவியைக் காலூன்றி நிறுத்திக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

“அப்பா, ஒரு இடம் கண்டுபிடிச்சிட்டேன். யாருமே போகாத இடம். ரெண்டு சூரியன்ப்பா! ஒண்ணு மறையிறதுக்குள்ள இன்னொண்ணு வந்துடுது. இங்க இருட்டே கிடையாது.”

“எங்கடீ இருக்கு அது?”

“சொல்ல மாட்டேன். அளந்து கண்டுபிடிச்சு வாங்க. பெரிய சர்வேயர்னு பேரு வேற.”

“இந்த ரோடு வேலை முடியட்டும், வர்றேன்.”

“சீக்கிரம் வாங்கப்பா. நான் இங்கயே நிக்கிறேன். நகர மாட்டேன்.”

சரி சரி என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். கருவி சற்றுச் சாய்ந்திருந்தது, அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ரோடு வேலை முடிவதற்கு முன்னால் அவள் போய்விட்டாள். அந்த ரோட்டில் இன்றைக்கும் வண்டிகள் போகின்றன. அவரால் மட்டும் அந்த வழியாகப் போக முடிவதில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், பேச்சு இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. மகளைப் பற்றி ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவர் உடைந்துவிடுவார் என்று ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு, உப்பு போதுமா, கேஸ் வந்ததா என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். மனைவி விடிவதற்கு முன் பேக்கரிக்குப் போய்விடுவாள். அவள் திரும்பும் நேரத்தில் அவர் அலுவலகத்தில் இருப்பார். மகளுடைய அறைக்கதவு சாத்தியே இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஒருநாள் காலையில் யாரும் வராத அலுவலகத்தில் அவர் தன் லேப்டாப்பில் அந்த விளையாட்டைத் திறந்தார். ஏன் திறந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கடைசி ஞாயிற்றுக்கிழமை மகள் அவரை விட்டுவிட்டுப் போன ஒரு அற்ப நட்சத்திரத்தின் பக்கத்தில் அவருடைய கப்பல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் நண்பர்கள் பட்டியல். அதில் ஒரே ஒரு பெயர். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் புள்ளி, ஆள் உள்ளே இல்லை என்று அர்த்தம். அதற்குப் பக்கத்தில் ஒரு எண்.

குட்டிப்பிசாசு. தூரம்: 21,847 ஒளியாண்டு.

அவருக்குக் கண்கள் கலங்கி எண் தெரியாமல் போனது. அவள் போய்விட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள், எங்கே என்று ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை. இந்த ஒரு பட்டியல் மட்டும், அவள் விட்ட இடத்தில் நிற்கிறாள், இவ்வளவு தூரத்தில் நிற்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எந்தத் திசையில் என்று மட்டும் சொல்லவில்லை. திசை தெரியாவிட்டால் என்ன? தூரம் தெரிந்தால் இடத்தைப் பிடித்துவிடுவது அவருக்குக் கைவந்த கலை.

தரையில் ஒரு காணாமல்போன எல்லைக்கல்லைப் பிடிக்க, தெரிந்த மூன்று இடங்களிலிருந்து அதன் தூரம் தெரிந்தால் போதும். விண்வெளிக்கு மேலும் கீழும் உண்டு, அதனால் நான்கு வேண்டும். நான்கு நட்சத்திரங்களுக்குப் போய், நான்கு இடத்திலும் நின்று அந்த எண்ணைப் படித்தால், நான்கு தூரமும் சேர்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில் இரண்டு சூரியன்களும் ஒரு கப்பலும் இருக்கும். அளந்து கண்டுபிடிச்சு வாங்க என்று அவள் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அவரால் முடியும் என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள்.

மகளுடைய லேப்டாப்பைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் இடம் தெரிந்துவிடுமே என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அவர் தொழிலில் ஒரு விதி உண்டு: கல்லைத் தொடாதே. எல்லைக்கல் சரிந்திருந்தாலும், புதைந்திருந்தாலும், தள்ளி நின்று அளக்க வேண்டுமே தவிர கையை வைக்கக் கூடாது. தவறிப்போய் ஒரு விரற்கடை அசைந்துவிட்டால் பிறகு எந்தக் கொம்பனாலும் பழைய இடத்தைச் சொல்ல முடியாது. நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டு நிற்கிறவளை அவர் எப்படித் தொடுவார்? தவிர, அந்தக் கதவைத் திறக்கிற தெம்பும் அவருக்கு இல்லை. அதுதான் நிஜமான காரணம் என்றுகூடச் சொல்லலாம்.

முதல் அளவை அங்கேயே எடுத்தார். மறுநாளும் எடுத்தார். எந்த அளவையும் இரண்டு நாள் இரண்டு முறை எடுப்பது அவர் வழக்கம். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். பிறகு கப்பலைக் கிளப்பினார். அளக்கும் இடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கணக்கு சொதப்பிவிடும் என்பதால் அடுத்த நட்சத்திரத்தை வெகு தொலைவில் தேர்ந்தெடுத்தார். தாவித் தாவித்தான் போக வேண்டும். காலையில் ஆட்கள் வருவதற்குள் சில தாவல்கள், சாப்பாட்டு நேரத்தில் சில தாவல்கள். வழியில் இரண்டு முறை எரிபொருள் தீரப் பார்த்தது. சிவப்புப் பட்டன் பக்கம் அவர் கண்கூடப் போகவில்லை. தலையால் தண்ணீர் குடித்துச் சமாளித்துப் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது அளவு: 17,390. மறுநாளும் 17,390.

டிராஃப்ட்ஸ்மேனுக்கு மட்டும் விஷயம் தெரியும். வாய் ஓயாத மனிதர், ஆனால் இந்த விஷயத்தில் வாயைக் கட்டிக்கொண்டார். இரண்டு அளவுகளையும் வைத்து அவரே கணினியில் ஒரு படம் போட்டுக் காட்டினார். இரண்டு தூரங்களும் சந்திக்கிற இடங்கள் சேர்ந்து அண்டத்தில் ஒரு பெரிய வட்டமாகத் தெரிந்தன.

“இந்த வட்டத்து மேலதான் சார் எங்கேயோ இருக்கா பாப்பா” என்றார். “வட்டத்துல எத்தனை நட்சத்திரம் இருக்கும்?”

“லட்சக்கணக்குல” என்றார் சர்வேயர். “மூணாவது அளவு வந்தா ரெண்டா குறைஞ்சிடும். நாலாவதுல முடிஞ்சிடும்.”

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மகள் போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒன்றை டிராஃப்ட்ஸ்மேன் பார்த்ததில்லை. மூன்றாவது நட்சத்திரத்துக்குப் போகும் வழியெல்லாம் சர்வேயர் அவளோடு மனதுக்குள் பேசிக்கொண்டே போனார். வந்துட்டு இருக்கேன்டீ. கொஞ்சம் லேட்டு. கோவிச்சுக்காதே.

மூன்றாவது நட்சத்திரத்தில் நின்று படித்தார்: 14,206. மறுநாள் காலை மறுபடி படித்தார்: 13,951.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். 13,951தான். நேற்றுத் தப்பாகப் படித்திருப்போம் என்று தன் கண்களைத் திட்டிக்கொண்டார். வயசாகிவிட்டது, வேறென்ன? ஆனால் அதற்கு அடுத்த நாள் எண் இன்னும் குறைந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னும்.

“கல்லுதான் நகருதோ என்னவோ சார்” என்றார் டிராஃப்ட்ஸ்மேன், பாதி விளையாட்டாக.

கல் தானாக நகராது. யாரோ நகர்த்துகிறார்கள். யாரோ ஒரு கயவன் அவளுடைய கணக்குக்குள் புகுந்து, அவள் நிறுத்தி வைத்த கப்பலை ஓட்டிக்கொண்டு போகிறான். அது புரிந்ததும் சர்வேயருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்று களப்பணிக்குப் போகாமல், எவன் வருகிறான் பார்த்துவிடுகிறேன் என்று லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் இருக்கைக்குத் திரும்பியபோது அந்தச் சாம்பல் புள்ளி பச்சையானது.

ஒரு கணம், வெறும் ஒரு கணம், அவருடைய முட்டாள் மனசு அவள்தான் வந்துவிட்டாள் என்று துள்ளியது. அந்த ஒரு கணத்துக்காகவே அவனைக் கொன்றுபோடலாம் என்று இருந்தது அவருக்கு. எண் குறைந்தது. நின்றது. மறுபடி குறைந்தது. திருடன் தாவிக்கொண்டிருந்தான். சர்வேயர் செய்திக் கட்டத்தில் அடித்தார்: ‘யாருடா நீ? கப்பலை நிறுத்து!’

எண் நின்றது. பிறகு ஒரே அடியாக மாறியது: 9,312.

திரையின் மேல் மூலையில் அவருடைய சொந்தக் கப்பலிலிருந்து வீட்டு நிலையம் எவ்வளவு தூரம் என்று எப்போதும் ஒரு எண் இருக்கும். அதுவும் 9,312. இரண்டு எண்களையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புரிந்தது. சிவப்புப் பட்டன். அவன் அமுக்கிவிட்டான். கப்பல் போய்விட்டது, கப்பலோடு அவள் கண்டுபிடித்த இடமும் போய்விட்டது. பதிவாகாத இடம். இனி அந்த இரண்டு சூரியன்களுக்கு நடுவில் போய் நின்றால்கூட, இதுதான் அவள் வந்த இடம் என்று சொல்ல ஒரு அடையாளமும் இருக்காது. மூன்றாவது அளவும் கெட்டது. கையில் மிஞ்சியது இரண்டு நல்ல அளவு, ஒரு வட்டம், லட்சக்கணக்கான நட்சத்திரங்கள்.

லேப்டாப்பை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். டிராஃப்ட்ஸ்மேன் பின்னால் கூப்பிட்டது காதில் விழவில்லை. 

கதவைத் திறந்ததும், வீட்டுக்குள் எங்கிருந்தோ மெல்லிய இரைச்சல் கேட்டது. அவருக்கு நன்றாகத் தெரிந்த இரைச்சல், நிலையத்தில் நிற்கும் கப்பலின் எஞ்சின் சத்தம். மகளுடைய அறைக்கதவு திறந்திருந்தது. கட்டில் ஓரத்தில், பேக்கரிச் சட்டையைக்கூட மாற்றாமல், மடியில் மகளின் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது. டிவியில் சத்தம் குறைக்கத் தெரியாது என்று அவர் முப்பது வருடமாகக் கேலி செய்கிற பெண்மணி.

அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். பிறகு ஓவென்று அழவும் இல்லை, மறைக்கவும் இல்லை. முகம் மலர்ந்து சொன்னாள்.

“என்னங்க, கொண்டாந்துட்டேன். நம்ம பொண்ணை வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்.”

அவர் நிலைப்படியிலேயே நின்றார்.

“கடைசியில என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அம்மா வீட்டுக்குப் போகலாம்மான்னு. நாளைக்கு டாக்டரைக் கேக்கறேன், நாளைக்குக் கேக்கறேன்னு சொல்லிட்டே இருந்தேன். கூட்டிட்டு வரவே இல்ல.” புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவ பிறந்தநாள் அன்னிக்கு மனசு கேக்கல, இதைத் திறந்து பாத்தேன். எங்கேயோ அத்துவானத்துல தனியா நின்னுட்டு இருந்தா. இதையாவது செய்வோம்னு தினம் வேலை முடிஞ்சு வந்து கொஞ்சம் கொஞ்சமா ஓட்டிட்டு வந்தேன். எப்படி ஓட்டணும்னு ஆஸ்பத்திரியில அவ சொல்லிக்குடுத்தது. உங்ககிட்ட சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு சொல்லல.”

“இன்னிக்கு...” என்றார் அவர்.

“இன்னிக்கு ஒருத்தன் வழிமறிச்சான்ங்க! சிவப்பு எழுத்துல யாருடா நீ, கப்பலை நிறுத்துன்னு. பேரைக்கூட நான் பாக்கல, கை காலெல்லாம் உதறிடுச்சு. எவனோ அவளைப் பிடிச்சுட்டுப் போயிடுவானோன்னு பயம். அப்பதான் ஓரத்துல வீடு படம் போட்டு ஒரு பட்டன் தெரிஞ்சுது. ஏதோ கேட்டுச்சு, ஆமான்னு அமுக்கிட்டேன். ஒரே நிமிஷம்! வீட்டுல இருக்கோம். இது தெரியாம இத்தனை நாள் கஷ்டப்பட்டேன் பாருங்க.”

அவள் கையில் இருந்த திரையை அவர் பார்த்தார். வீட்டு நிலையத்தில், இலவசமாகக் கொடுக்கிற ஒரு புதிய சின்னக் கப்பல் நின்றது. அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில், கண்டுபிடிப்புகள்: எதுவும் இல்லை.

எண்களைத் தவிர எதையும் பார்க்காதவர் அவர். எழுத்தையும் எண்ணையும் தவிர எல்லாவற்றையும் பார்ப்பவள் அவள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பிள்ளையை, ஒருவர் போய்ச் சேரவும் ஒருவர் கொண்டுவந்து சேர்க்கவும் இத்தனை நாள் பாடுபட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். ஆனாலும் சொல்லக் கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்தார். அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் இருந்துவிட்டுப் போகட்டும்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். “முதல் நாள் திறந்தப்ப என்ன தெரிஞ்சுது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ரெண்டு சூரியன்ங்க” என்றாள். “ஒண்ணு பெருசு, சுமார் நம்ம பேக்கரித் தட்டு அளவுக்கு இருக்கும், அடுப்புக் கங்கு மாதிரி சிவப்பு. இன்னொண்ணு சின்னது, வெள்ளை. அப்பதான் எழும்பிட்டு இருந்துச்சு. கீழே தரையெல்லாம் ரோஜா நிறம். கண்ணு கூசிச்சு. ஆனா பாத்துட்டே இருக்கலாம்போல இருந்துச்சு. கப்பலோட நிழல்கூட ரெண்டா விழுந்துச்சுங்க.”

அவர் அந்தச் சுமாரைத் திருத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பார்த்திருக்கிறாள். பிள்ளை கடைசியாகப் பார்த்ததைப் பெற்றவள் பார்த்திருக்கிறாள். அவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

“பேரு ஏதாவது போட்டிருந்துச்சா?”

“ஏதோ எழுத்தும் எண்ணுமா இருந்துச்சு. யாரு பாத்தா?” என்றவள், அவர் பக்கம் திரும்பினாள். “ஏங்க, அவளையும் கூட்டிக்கிட்டு மறுபடி ஒருநாள் அங்க போயிட்டு வரலாமா? இங்கேருந்து எவ்வளவு தூரம் இருக்கும்?”

“சுமார்...” என்றார் அவர். “சுமார் இருபதாயிரம் ஒளியாண்டு இருக்கும்.”

அவள் அவரையே பார்த்தாள். முகத்திலிருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“சுமாரா?” என்றாள். “நீங்களா சொல்றீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்த இடம் தொலைஞ்சு போச்சா?”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார்.

“நான் பட்டனை அமுக்கினதாலயா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். முப்பது வருடம் அளந்து அளந்து சொன்ன வாய், பொய்க்கு மடங்கவில்லை. அந்தப் பாரம் மொத்தமும் அவள் தலையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்காரவும் முடியவில்லை. தன் லேப்டாப்பைத் திறந்து அவள் மடியில் வைத்தார். மூன்றாவது நட்சத்திரத்தின் பக்கத்தில் அவருடைய கப்பல். கீழே செய்திக் கட்டத்தில் அவர் அனுப்பியது அப்படியே இருந்தது.

எதையும் படிக்காதவள் அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அங்குலம் என்ற பெயரைப் படித்தாள். யாருடா நீ, கப்பலை நிறுத்து என்பதைப் படித்தாள்.

“நீ அமுக்கல” என்றார் அவர். “அமுக்க வெச்சது நான்தான். அவ சொன்ன இடத்துக்குத்தான் போயிட்டு இருந்தேன். நகர மாட்டேன்னு சொன்னா. அளந்துட்டு வாங்கன்னு சொன்னா. திருடன்னு நெனைச்சிட்டேன்.”

அவள் அழ ஆரம்பித்தாள். மகள் போன அன்றுகூட இரண்டு பேரும் வேறு வேறு சுவரைப் பார்த்து அழுதவர்கள். இன்று அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, மாவு ஒட்டிய கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். அவரும் அழுதார். யார் மேல் யார் கோபப்படுவது? மடியில் இரண்டு லேப்டாப்புகளும் இரைந்துகொண்டிருந்தன.

வெகு நேரம் கழித்து அவள் நிமிர்ந்து அவருடைய திரையைப் பார்த்தாள்.

“நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?”

“தூரத்துல.”

“வீட்டுக்கு வந்துருங்களேன். அவ இங்க தனியா நிக்கிறா.”

“வர்றதுக்கு நாளாகும்.”

“அந்தப் பட்டனை அமுக்குங்க” என்றாள் தழுதழுத்த குரலில். “இனி அங்க என்ன இருக்கு?”

அதைத் தொடாதீங்க என்று மகள் சொன்ன பட்டன். அவர் அமுக்கினார். கப்பலைக் கைவிட்டு வீடு திரும்பவா என்று கேட்டது. ஆம் என்றார். திரை ஒருமுறை இருண்டு, பிறகு வீட்டு நிலையம் வந்தது. இரண்டு சின்னக் கப்பல்கள், ஒன்றுபோல, பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

“இப்ப எவ்வளவு தூரத்துல இருக்கா, பாத்துச் சொல்லுங்க” என்றாள் அவள். “சரியாச் சொல்லுங்க, சுமார் வேண்டாம்.”

அவர் பட்டியலைப் பார்த்தார். குட்டிப்பிசாசு, பச்சைப் புள்ளி, அதற்குப் பக்கத்தில் எண். சரியான எண்தான், ஒரு அங்குலம்கூடப் பிசகு கிடையாது. தூரம்: 0.

அவர் இரண்டு முறை வாயைத் திறந்தார். வாழ்க்கையில் எத்தனையோ அளவுகளை உரக்கப் படித்தவருக்கு, அந்த ஒரு அளவை மட்டும் படிக்க முடியவில்லை.